துரை பிடித்த கிழங்குத் தோட்டம்

என் அப்பாவுக்கு யுத்தம் என்றால் உயிர். துப்பாக்கி பிடித்தவர் என்று நினைத்துவிடாதீர்கள். தேயிலைத் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். இப்போது நாள் முழுக்க போனில் உலகச் சண்டைகளைப் பார்ப்பதுதான் உத்தியோகம். எந்த நாட்டிடம் விமானம் அதிகமோ, அதுதான் அவர் கட்சி. "அடிக்கிற மாதிரி அடிச்சா எவனும் அடங்குவான்" என்பார். அடித்துப் பிடித்த ஊரில் மறுநாள் யார் அடுப்பு மூட்டுவது என்று கேட்டால், ஹட்டனில் பாடம் நடத்துகிற எனக்கு அரசியல் தெரியாது என்பார்.

அவர் ஆசைக்கு எங்கள் தேயிலைத் தோட்டத்துக்கே ஒரு பட்டாளம் வந்தது. புதிதாக வந்த துரை, அதாவது மேனேஜர், ராணுவத்தில் பெரிய பதவி வகித்தவர். ஆட்களை வேலைக்குப் பிரித்துவிடும் காலைப் பெரட்டில் ஒருநாள், நாங்கள் குடியிருக்கும் லயத்து வீடுகளுக்குப் பின்னால் மரக்கறி போடும் சரிவு முழுவதும் இனிமேல் கம்பெனித் தேயிலைக்கு என்று அறிவித்தார். அம்மாவின் கிழங்குப் பாத்தி அங்கேதான். கொழுந்து பறித்துவிட்டு வந்து இருட்டும்வரை அதிலேயே கிடப்பாள். இந்த உலகத்தில் அவள் "என்னோடது" என்று சொன்னது அந்தத் துண்டு மண்ணை மட்டும்தான்.

மறுநாள் மண் தோண்டும் பெக்கோ இயந்திரம் வந்தது. தடியோடு காவலாளிகள் வந்தார்கள். பூத்து நின்ற செடிகளையெல்லாம் புரட்டிப் போட்டார்கள். துரை போட்டோ எடுத்துக்கொண்டார். மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்பே யுத்தம் முடிந்துவிட்டது. அப்பா பாவம், கட்சி மாறுவதா வேண்டாமா என்று விழித்துக்கொண்டிருந்தார்.

பிடித்த நிலத்தைச் சும்மா போட்டு வைக்க முடியுமா? கன்று நட வேண்டும், உரம் போட வேண்டும், களை பிடுங்க வேண்டும். இளவட்டமெல்லாம் கொழும்புக் கடைகளுக்குப் போய்விட்ட தோட்டத்தில் ஆளுக்கு எங்கே போவது? துரை கை காட்டியது அம்மாவையும் அவள் கூட்டாளிகளையும்தான். பெரிய பெரிய நாடுகளே கப்பல் கப்பலாகக் குண்டைக் கொட்டிவிட்டு இந்த இடத்தில்தான் முழிக்கின்றன. ஊரைப் பிடிக்க ஒரு காலைப்பொழுது போதும். அதை நடத்தத் தோற்றவர்களின் கை வேண்டும்.

மழை பெய்ததும் மண்ணுக்குள் கிடந்த கிழங்கெல்லாம் முளைத்தது. அம்மா ஒழுங்காகக் களை பிடுங்கினாள். எது களை என்பதை அவளே முடிவு செய்தாள். கம்பெனி உரம் கன்றைத் தவிர எல்லாவற்றுக்கும் போய்ச் சேர்ந்தது. முன்பு காட்டுப்பன்றி பாதியைத் தின்றுவிடும். இப்போது துரை புண்ணியத்தில் முள்கம்பி வேலியும் காவலும் இருந்தன. மலையை மேற்பார்க்கும் கண்டாக்கையாவுக்கு விஷயம் தெரியும், ஆனால் வாயைத் திறக்கவில்லை. துரையோ ஜீப்பைவிட்டு இறங்குவதே இல்லை. ரோட்டிலிருந்து பார்த்தால் எல்லாம் பச்சைதான். கன்றுகள் வாடி மடிந்துகொண்டிருக்க, மேலிடத்துக்கு வெற்றிச் செய்தி போய்க்கொண்டிருந்தது.

குளிர் தாங்காமல் காவலாளிகள் ஒவ்வொருவராகக் கழன்றுகொள்ள, பக்கத்துச் சிங்களக் கிராமத்து மனிதர் ஒருவர் மட்டும் மிஞ்சினார். அம்மா கொடுக்கும் பிளேன் டீயில் அவளை "அக்கே" என்று கூப்பிடும் அளவுக்கு வந்திருந்தார்.

கிழங்கு தோண்டிய அன்று பள்ளிக்கூட விடுமுறை. நான் மூட்டையின் வாயைப் பிடித்துக்கொண்டு நின்றேன். துரை தானே ஜீப்பை ஓட்டிக்கொண்டு வந்து, கன்று நட்ட பிறகு முதல் தடவையாக இறங்கினார்.

"என்ன நடக்குது இங்க?"

"நீங்கதானுங்க தொரை, களைய வேரோட எடுக்கச் சொன்னீங்க. எடுத்துக்கிட்டு இருக்கோமுங்க" என்றாள் அம்மா.

துரைக்கு முகம் சிவந்துவிட்டது. மூட்டைகளை உடனே பறிமுதல் செய்யச் சொல்லிக் காவலாளியிடம் கத்தினார்.

அந்த மனிதர் ஒரு மூட்டையை லேசாக அசைத்துப் பார்த்தார். "பாரம் சேர். தனிய தூக்க ஏலாது. ஆள் வேணும்."

துரை சுற்றிப் பார்த்தார். அங்கே நாங்கள் மட்டும்தான் நின்றோம்.

"நாங்க தூக்குறோமுங்க தொரை" என்றாள் அம்மா.

தூக்கினோம். நேராக எங்கள் வீட்டுக்கு.