வெயில் மறைப்பில் ஒரு கண்ணாடி

மலாயாவில் யோங் பெங் பக்கத்தில் எங்கள் ரப்பர் தோட்டத்துக்கு வந்து வீரமுத்து என்று கேட்டால், எந்த வீரமுத்து என்பார்கள். கண்ணாடி வீரமுத்து என்று கேட்டால் வீட்டு வாசல் வரை கொண்டுவந்து விடுவார்கள். மூக்குக் கண்ணாடி போட்ட படிப்பாளி என்று நினைத்து வந்து ஏமாந்தவர்களும் உண்டு. நான் தோட்டத்தை நடத்தும் வெள்ளைக்காரத் துரையின் கார் டிரைவர். கண் நன்றாகத் தெரியும். தெரிந்தும் பார்க்காமல் போனதால் வந்த பெயர் இது. மற்றவர்கள் சொன்னால் ஒன்றுக்குப் பத்தாகச் சொல்கிறார்கள் என்பதால் நானே சொல்லிவிடுகிறேன்.

அப்போது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தாறு. எனக்கு முப்பத்திரண்டு வயது. பெண் பார்க்கப் போன மூன்று வீட்டிலும் என்னை வேண்டாம் என்றுவிட்டார்கள். ஒரு வீட்டில் கார் எஞ்சினைப் பற்றி ஒரு மணி நேரம் பேசினேன். இன்னொரு வீட்டில் பெண்ணின் தங்கையைப் பெண் என்று நினைத்துச் சிரித்தேன். மூன்றாவது வீட்டில் காரணமே சொல்லவில்லை. என்னைப் பார்த்ததே போதுமாக இருந்திருக்கும். என்னை வளர்த்த சின்னம்மா காளியம்மா, நாலாவதாக மூவார் பட்டணத்தில் ஓர் இடம் பார்த்தாள்.

"இதுதான் கடைசி. இதுவும் போச்சுன்னா நீ அந்தக் காரையே கட்டிக்க. நான் இனிமே யாரு வாசப்படியும் ஏற மாட்டேன்," என்றாள்.

பெண்ணின் பெயர் சந்திரமதி. மூவார் ஆஸ்பத்திரியில் ஆயா வேலை. சின்ன வயதில் அம்மை போட்டு முகத்தில் தழும்பு இருக்கிறது என்று சின்னம்மா முன்கூட்டியே சொல்லிவிட்டாள். அதற்கு நான் என்ன சொன்னேன் தெரியுமா? "மொகத்தப் பாத்துட்டுத்தான் சொல்லுவேன்," என்றேன். மூன்று வீட்டில் துரத்தப்பட்ட மகாராஜா பேசிய பேச்சு அது.

ஞாயிற்றுக்கிழமை போவதாக ஏற்பாடு. அன்று மாலை மூவார் படகுத்துறையில் துரையின் விருந்தாளி ஒருவரை ஏற்றிவர வேண்டியிருந்தது. கொஞ்சம் முன்னதாகவே புறப்பட்டால் பெண்ணையும் பார்த்துவிடலாம். காரில் போய் இறங்கும் மாப்பிள்ளை! எனக்குத் தலை கால் புரியவில்லை.

அந்தக் காரைப் பற்றிச் சொல்ல வேண்டும். கூரை மூடிய புதுக் கார்; ஆனால் பின்னால் வருவதைப் பார்க்கும் கண்ணாடி உள்ளே கிடையாது. முன் கண்ணாடிக்கு மேலே, ஓட்டுகிறவர் பக்கம், துணி போர்த்திய பலகை ஒன்று இருக்கும். வெயில் கண்ணில் குத்தினால் கீழே இழுத்துவிடலாம், வேண்டாம் என்றால் கூரையோடு மடக்கிவிடலாம். வெயில் மறைப்பு என்று நாங்கள் சொல்வோம். துரையின் மனைவி துரைசாணியம்மா தானே கார் ஓட்டுவார். அவர் வியாழக்கிழமை என்னைக் கூப்பிட்டு, புத்தகத்தில் படித்த தமிழில் சொன்னார்: "வீரமுத்து, அந்த மறைப்பில் ஒரு கண்ணாடி போடு. திங்கட்கிழமை நான் கிளப் போகிறேன்."

முகம் பார்ப்பதும் கண்ணாடி, ஜன்னலில் இருப்பதும் கண்ணாடி, மூக்கில் மாட்டுவதும் கண்ணாடி. மலாயில் கேட்டிருந்தாலும் 'செர்மின்' என்றிருப்பார். அவர்களுக்கும் எல்லாம் ஒன்றுதான். நான் யோசித்தேன். யோசிப்பது எனக்கு ஆகாத காரியம். நிழலும் வேண்டும், ரோடும் தெரிய வேண்டும், அதற்குத்தான் கண்ணாடி கேட்கிறார் என்று முடிவு செய்தேன். பலகையின் நடுவில் சதுரமாக அறுத்து, ஜன்னல் கண்ணாடித் துண்டு ஒன்றை அளவாக வெட்டி, கை கிழிக்காமல் ஓரத்தைக் கல்லில் தேய்த்துப் பொருத்தினேன். வெயில் மறைப்புக்கு ஜன்னல் வைத்தவன் உலகத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

வெள்ளிக்கிழமை காலை துரைசாணியம்மா உட்கார்ந்து மறைப்பை இறக்கினார். சதுரமாக வெயில் வந்து அவர் மூக்கின் மேல் விழுந்தது.

"இது என்ன? சூரியன் தெரிகிறது. என் முகம் எங்கே?" என்றார்.

அப்புறம்தான் விளக்கினார். எங்கள் தோட்டத்துச் செம்மண் ரோட்டில் வண்டி போனால் முகமெல்லாம் சிவப்புத் தூசி. கிளப் வாசலில் இறங்கினால் எல்லாரும் பார்க்கிறார்கள், தனக்கு மட்டும் தெரியவில்லை. சிங்கப்பூரில் அவருடைய தோழியின் காரில் மறைப்புக்குள்ளேயே முகம் பார்க்கும் கண்ணாடி இருக்கிறதாம். "இறங்குவதற்கு முன்னால் என் முகத்தை நான் பார்க்க வேண்டும். மற்றவர்கள் பார்ப்பதற்கு முன்னால்," என்றார். நான் பயபக்தியோடு தலையாட்டினேன். காதில் விழுந்தது, மண்டைக்குள் போகவில்லை.

அன்று மத்தியானம் ஐஸ் வாங்க மூவார் போனபோது, பீரோக்களுக்குக் கண்ணாடி செய்யும் சீனர் ஒருவரின் கடையில் என் துண்டைக் காட்டி ரசம் பூசித் தரக் கேட்டேன். கையில் நிறைய வேலை இருக்கிறது, திங்கட்கிழமைக்குள் முடியாது, 'தா போலே லா' என்று தலையாட்டினார். ஆனால் அவர் பீரோக் கண்ணாடி ஒன்றுக்கு ரசம் பூசிக்கொண்டிருந்ததை ஒரு மணி நேரம் நின்று பார்த்தேன். பார்த்ததும் எனக்கே தொழில் வந்துவிட்டதாகத் தோன்றியது. எப்படி என்று கேட்டதற்கு ஒளிவுமறைவில்லாமல் எல்லாம் சொன்னார். முதலில் தடவ வேண்டிய வெள்ளீய உப்பில் ஒரு பொட்டலமும் கொடுத்தார். சொன்னாலும் இவனுக்கு வரப்போவதில்லை என்ற தைரியம் அவருக்கு.

வேடிக்கை என்னவென்றால், மற்ற சாமான்கள் எல்லாம் எங்கள் தோட்டத்திலேயே இருந்தன. ரப்பர் பால் வாளியில் உறையாமலிருக்க ஊற்றும் அம்மோனியா இருந்தது. பாலை உறைய வைக்கும் ஆசிட் இருந்தது. சீனி சின்னம்மாவின் டப்பாவில் இருந்தது. வெள்ளி உப்பு தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் டிரசர் லூயிஸிடம் இருந்தது; கண் மருந்துக்கு வைத்திருப்பார். துரைசாணியம்மாவின் காரியம் என்றதும் கொஞ்சம் நிறுத்துக் கொடுத்தார்.

"மேல படாமப் பாத்துக்க வீரமுத்து. பட்டா லேசுல போகாது," என்றார்.

"எனக்குத் தெரியாதா சார்?" என்றேன். எனக்குத் தெரியாது.

ஞாயிறு காலை, ஆளில்லாத பால் கொட்டகையில் கடையை விரித்தேன். கண்ணாடியைச் சுண்ணாம்புத் தூளால் தேய்த்து, மழைத் தண்ணீரில் கழுவி, வெள்ளீயக் கரைசலைத் தடவி மறுபடி கழுவினேன். பால் உறைய வைக்கும் தட்டில் அதை மட்டமாகக் கிடத்தினேன். வெள்ளி உப்பைக் கரைத்து அம்மோனியாவைச் சொட்டுச் சொட்டாக விட்டால், முதலில் சேறு மாதிரி கலங்கி, பிறகு பளிச்சென்று தெளிகிறது. சீனித் தண்ணீரில் ஒரு சொட்டு ஆசிட் விட்டுக் காய்ச்சி ஆறவைத்திருந்தேன். இரண்டையும் சேர்த்துக் கண்ணாடியின் மேல் ஊற்றினேன். பால் விடாத தேநீர், தே ஓ நிறமானது. பிறகு கன்னங்கரேலென்று ஆனது. போச்சு, எல்லாம் போச்சு என்று தலையில் கைவைத்துக்கொண்டேன். அம்மோனியா நெடியில் கண்ணிலும் மூக்கிலும் தண்ணீராகக் கொட்ட, அதே கையால் கண்ணைத் துடைத்தேன், மூக்கைத் துடைத்தேன், நெற்றி வேர்வையையும் வழித்தேன்.

கொஞ்ச நேரம் கழித்துக் கரைசலை வடித்துவிட்டுக் கண்ணாடியைத் தூக்கித் திருப்பினேன். உள்ளே கொட்டகையின் கூரை தெரிந்தது. அதன் நடுவில் என் மூஞ்சியும் தெரிந்தது. எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. தனியாக நின்று சத்தம் போட்டுச் சிரித்தேன். அப்போது முகம் சுத்தமாகத்தான் இருந்தது. வெள்ளி உப்பு வெளிச்சம் படப்படத்தான் கறுக்கும் என்று எனக்கு யார் சொன்னார்கள்? முதுகுப் பக்கம் அரக்கு வார்னிஷ் பூசி, அது காய்ந்ததும் மேலே சிவப்பு ஈயச் சாயம் பூசினேன். வெள்ளி உரியாது, வெயிலும் ஊடுருவாது. மறைப்பில் பொருத்தி, கூரையோடு மடக்கி வைத்தேன். குளித்தபோது விரல்கள் கறுப்பாக இருந்தன. டிரைவர் விரல் வேறு எந்த நிறத்தில் இருக்கும்?

மத்தியானம் புறப்பட்டோம். சின்னம்மா துரைசாணி மாதிரி பின் சீட்டில் உட்கார்ந்துகொண்டாள். அவளுக்கு என் பிடரி மட்டும்தான் தெரியும். யோங் பெங்கிலிருந்து மூவாருக்குப் பொழுது சாயப் போனால் வெயில் நேராக முகத்தில் அடிக்கும். மறைப்பை இறக்கியிருக்கலாம். சாயம் இன்னும் காயவில்லை. ஆட்டினால் என் வெள்ளைச் சட்டையில் சொட்டும் என்று விட்டுவிட்டேன். அதோடு, முகம் பார்க்கும் கண்ணாடி பெண்களுக்கு உள்ளது, ஆம்பிளைக்கு எதற்கு என்ற கொழுப்பும் இருந்தது. கண்ணைச் சுருக்கிக்கொண்டு அத்தனை தூரமும் ஓட்டினேன். வெயிலிலிருந்து காக்கும் பலகையும், காட்டிக்கொடுக்கும் கண்ணாடியும், இரண்டும் என் தலைக்கு மேல் ஒரு சாண் தூரத்தில் மடங்கிக் கிடந்தன.

மூவாரில் அந்த வீட்டு முன்னால் காரை நிறுத்தி இறங்கினேன். அக்கம்பக்கத்தவர் வெளியே வந்து வாயைப் பிளந்து பார்த்தார்கள். காரைப் பார்க்கிறார்கள் என்று நினைத்து நெஞ்சை நிமிர்த்திக்கொண்டேன். பெண்ணின் அப்பா லெட்சுமணன் ரோட்டு வேலை ஆட்களை மேய்க்கும் மண்டோர். "வாங்க" என்றவர் பாதியில் நிறுத்தி, தன் நாற்காலியைப் பின்னுக்கு இழுத்துப் போட்டுக்கொண்டார். மரியாதை என்று நினைத்தேன்.

காரிலிருந்து மெதுவாக இறங்கி வந்த சின்னம்மா அப்போதுதான் என் முகத்தைப் பார்த்தாள். "அலமாக்! டேய், மூஞ்சில என்னடா?" என்று கத்தினாள்.

நான் தடவிப் பார்த்தேன். கையில் ஒன்றும் ஒட்டவில்லை. லெட்சுமணன் என் முகத்தை விட்டுக் கண்ணை எடுக்காமல், "தம்பிக்கு ஒடம்புல ஏதாவது நோவு இருக்கா? மொதல்லயே சொல்லியிருக்கலாமே," என்றார். அவர் குஷ்டத்தை நினைக்கிறார் என்பது எனக்குப் புரிந்தது. அந்த நோய் வந்தவர்களை ஊரை விட்டே கொண்டுபோய் வைத்துவிடுவார்கள். "நாங்க அப்புறம் சொல்லி அனுப்புறோம்," என்று சின்னம்மாவிடம் சொல்லி அவர் எழுந்துவிட்டார். அந்த வார்த்தையை மூன்று வீட்டில் கேட்டவன் நான்.

அப்போது காப்பித் தட்டோடு சந்திரமதி வந்தாள். தட்டைக் கீழே வைத்துவிட்டு, பக்கத்தில் வந்து என் முகத்தை உற்றுப் பார்த்தாள்.

"அப்பா, இது நோவு இல்ல. பொறந்த பிள்ளைங்க கண்ணுல நாங்க விடுற மருந்துதான். கன்னத்துல வழிஞ்சா இப்படித்தான் கறுப்பா நிக்கும். பத்து நாள்ல தோலோட போயிடும்," என்றாள். பிறகு என்னைப் பார்த்து, "இவ்ளோ பெரிய பிள்ளைக்கு யாரு மருந்து விட்டது?" என்று கேட்டாள்.

கண்ணாடி செய்த கதையைத் திக்கித் திணறிச் சொன்னேன்.

"அந்தக் கண்ணாடி எங்க?"

"கார்ல. எனக்கு நேரா மேல."

"அதுல பாக்கவே இல்லையா நீங்க?"

லெட்சுமணன் கொஞ்சம் யோசித்து, பத்து நாள் கழித்து மறுபடி வரச் சொன்னார். கறை போனால் பேசலாம், போகாவிட்டால் இல்லை.

காருக்குள் போய் மறைப்பை இறக்கினேன். மீசைக்குக் கீழே இன்னொரு மீசை. நெற்றியில் மூன்று விரல் பட்டை. இரண்டு கண்ணிலிருந்தும் கறுப்பாகத் தாரை. என் நிறத்துக்கே அது எடுத்துத் தெரிந்தது என்றால் பாருங்கள். படகுத்துறையில் துரையின் விருந்தாளி என்னைப் பார்த்துவிட்டு, கார் கண்ணாடியை எல்லாம் இறக்கச் சொல்லிப் பின் சீட்டின் மூலையில் ஒடுங்கி வந்தார்.

திங்கட்கிழமை துரைசாணியம்மா கண்ணாடியை மெச்சினார். ஓரத்தில் என் கட்டைவிரல் ரேகை வெள்ளிக்குள் அப்படியே பதிந்திருந்ததைக் கவனித்தாரோ என்னவோ. அதற்கடுத்த பத்து நாளும் காரைத் துடைக்கும் சாக்கில் அந்தக் கண்ணாடியே கதியென்று கிடந்தேன். அப்போதுதான் தோட்டம் எனக்குக் கண்ணாடி வீரமுத்து என்று பெயர் வைத்தது. கறை ஆறாம் நாள் உரியத் தொடங்கியது. பதினோராம் நாள் மூவாருக்குப் போகும்போது வழியில் நாலு இடத்தில் நிறுத்தி மறைப்பை இறக்கி முகத்தைப் பார்த்தேன். லெட்சுமணன் என்னை வெளிச்சத்தில் நிறுத்தித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, சரி என்றார். தை மாதம் கல்யாணம் நடந்தது.

கல்யாணமாகி ரொம்ப நாள் கழித்துத்தான் அவளைக் கேட்டேன். உன் அப்பாவே எழுந்துவிட்டார், நீ எதற்காக எனக்குப் பரிந்து பேசினாய் என்று.

சந்திரமதி சிரிக்கவில்லை. "என் மொகத்தப் பாத்துட்டு வேணாம்னு போனவங்க நாலு பேரு," என்றாள். "தன் மொகத்தையே பாக்காம வந்தவரு நீங்க ஒருத்தர்தான்."

சின்னம்மாவிடம் "மொகத்தப் பாத்துட்டுத்தான் சொல்லுவேன்" என்று நான் சொன்னதை அவளிடம் இன்றுவரை சொல்லவில்லை.