ஒரே தாளில் ஏழு பேர்

எங்கள் தெருவில் என் வீட்டுக்காரருக்கு 'விதிமுறை' என்று பெயர். முகத்துக்கு நேரே சொல்ல மாட்டார்கள். ஆனால் தூரத்தில் இவர் தலை தெரிந்தால் போதும், குப்பையைத் தெருவில் கொட்ட வந்தவள் கூடையோடு உள்ளே போய்விடுவாள். நகராட்சியில் பிறப்பு இறப்புப் பதிவு எழுத்தர் வேலை. அலுவலகப் பேனா தப்பித்தவறிச் சட்டைப் பையில் வந்துவிட்டால் மனுஷனுக்குச் சாப்பாடு இறங்காது. பஸ் பிடித்துப் போய் வைத்துவிட்டு வந்துதான் சாப்பிடுவார்.

இதெல்லாம் என் மாமியார் செய்த வேலை. இவர் சின்ன வயதில் ஒரு நாள் பள்ளிக்கூடத்துச் சாக்பீஸை வீட்டுக்கு எடுத்துவந்துவிட்டாராம். மாமியார் அடிக்கவில்லை. சாமி படத்துக்கு முன்னால் உட்கார வைத்துக் கேட்டிருக்கிறார்.

"இது யாரோடது?"

"பள்ளிக்கூடத்தோடது."

"பள்ளிக்கூடம் யாரோடது?"

"எல்லாரோடதும்."

"எல்லாரோடதும்னா சாமியோடது. சாமிகிட்டயே திருடுவியா?"

அன்றைக்கு இவர் மண்டைக்குள் அரசாங்கமும் சாமியும் ஒன்றாகிப் போயின. இன்றுவரை பிரியவில்லை. வரி கட்டப் போகும் நாளில் தலைக்குக் குளித்துவிட்டுத்தான் கிளம்புவார்.

இப்படிப்பட்டவருக்கு மக்கள்தொகைக் கணக்கெடுப்பு வேலை வந்தால் கேட்கவா வேண்டும்! படிவங்களைச் சாமி முன்னால் வைத்துக் கும்பிட்டார். கைப்புத்தகத்தை மனப்பாடம் செய்தார். தெருவில் எல்லா வீட்டையும் முடித்துவிட்டுக் கடைசியாக எங்கள் வீட்டுக்கு வந்தார். அங்கே மாட்டிக்கொண்டார்.

நாங்களும் எங்கள் மகளும் கீழே. இவருடைய அண்ணனும் என் ஓரகத்தியும் அவர்கள் மகனும் மாடியில். மூன்று வருஷத்துக்கு முன்பு மாடித் தொட்டி வழிந்தபோது மோட்டாரை நிறுத்தாமல் விட்டது யார் என்று ஒரு சண்டை. அதில் அடுப்பு இரண்டாகி, அண்ணன் தம்பிக்குள் பேச்சும் நின்றுபோனது. மாமியார் மட்டும் காலையும் மதியமும் எங்களோடு சாப்பிடுவார். பொழுது சாய்ந்ததும் முழங்காலைப் பிடித்துக்கொண்டு மாடி ஏறுவார். யாரையும் விட்டுக்கொடுக்க மாட்டார்.

கைப்புத்தகமோ, ஒரே அடுப்பில் சாப்பிடுகிறவர்கள் ஒரு குடும்பம் என்கிறது. குடும்பத்துக்கு ஒரு படிவம். ஓர் ஆளை ஒரு படிவத்தில்தான் எழுதலாம்.

பையைத் தோளில் மாட்டிவிட்டால் இவருக்குப் பெற்ற தாயும் 'நீங்க'தான்.

"அம்மா, நீங்க சாப்பிடுறது மேலயா, கீழயா?"

"ரெண்டு இடத்துலயும்."

"அப்படி எழுத முடியாது."

"அப்போ எல்லாரையும் ஒரே தாள்ல எழுது."

"அடுப்பு ரெண்டும்மா. பொய் எழுதச் சொல்றீங்களா? நீங்களா?"

தான் சொல்லிக்கொடுத்த பாடம் தன் வாயையே அடைக்கும் என்று மாமியார் நினைத்திருக்க மாட்டார்.

இவர் விறுவிறுவென்று மாடி ஏறினார். வேடிக்கை பார்க்க நானும் பின்னாலேயே போனேன். மூன்று வருஷம் கழித்துத் தம்பி கதவைத் தட்டுகிறார்; அண்ணன் திறக்கிறார்.

"கணக்கெடுப்புக்கு வந்திருக்கேன். உங்க பேரு?"

"தெரியாதா?"

"விதிப்படி நீங்கதான் சொல்லணும்."

"விதிப்படி நீங்க முதல்ல அடையாள அட்டையைக் காட்டணும்."

இரண்டும் ஒரே வயிற்றில் பிறந்ததுதானே! இவர் மரியாதையாகக் காட்டினார். அவர் கண்ணாடி போட்டுக்கொண்டு, படத்தையும் முகத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தார்.

அதற்குள் மாமியார் படியேறி வந்து பாதியில் உட்கார்ந்துவிட்டார். "நான் மேலயும் இல்ல, கீழயும் இல்ல. படியில இருக்கேன்னு எழுதிக்கோ."

இவர் பையைத் துழாவினார். "வீடில்லாதவங்களுக்குத் தனிப் படிவம் இருக்கும்மா."

"டேய்!" என்று அண்ணன் பாய்ந்தார். "பெத்தவள வீடில்லாதவன்னு எழுதுவியாடா?"

"விதிப்படி..."

"உன் விதியைக் கொண்டுபோய் அடுப்புல போடு!"

மாமியார் அழுதுவிட்டார். அவர் அழுது நான் பார்த்ததே இல்லை. "அடுத்த கணக்கெடுப்புல நான் இருக்க மாட்டேன்டா. நான் இருக்கிற கடைசித் தாள்ல என் ரெண்டு பிள்ளைங்களும் ஒண்ணா இருக்கக் கூடாதா?"

அண்ணனும் தம்பியும் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

மாமியார் முந்தானையால் மூக்கைத் துடைத்தார். "பொய் எழுத வேணாம். நிஜத்தை மாத்துவோம். மருமகளே, கீழ கொதிக்கிற சோத்த இறக்கி மேல கொண்டு வா."

என்னை ஒரு வார்த்தை கேட்டார்களா? என் ஓரகத்தி முகத்திலும் ஈயாடவில்லை.

"ஒரு வேளை போதாதும்மா," என்றார் இவர். "'வழக்கமாக'ச் சாப்பிடணும்னு போட்டிருக்கு."

எத்தனை நாள் சாப்பிட்டால் வழக்கம் என்று கைப்புத்தகத்தில் இல்லை. மேலதிகாரிக்குப் போன் செய்தார். "ஏங்க, ஊர்ல ஒருத்தரும் கேட்காத கேள்வி இது. என்னமோ செய்ங்க," என்று வைத்துவிட்டார் அவர். படிவம் கொடுக்க இன்னும் எட்டு நாள் இருந்தது. ஒரு வாரம், மூன்று வேளை, ஏழு பேர் என்று இவரே தீர்ப்புச் சொன்னார்.

மாமியார் கண்ணை மூடிச் சாமி கும்பிட்டு முடிக்கும்வரை யாரும் தட்டில் கை வைக்கக் கூடாது. முதல் இரண்டு நாளும் அண்ணன் தம்பி தட்டைத் தவிர வேறெதையும் பார்க்கவில்லை. மூன்றாம் நாள் நானும் உப்புப் போட்டேன், எனக்குத் தெரியாமல் ஓரகத்தியும் போட்டிருக்கிறாள். அண்ணனும் தம்பியும் ஒரே நேரத்தில் தண்ணீர்ச் செம்புக்குக் கை நீட்டினார்கள். "ஏன்டா, இதுக்கு ஒரு படிவம் இல்லையா?" என்றார் அண்ணன். இவருக்குச் சிரித்துப் புரையேறியது; அண்ணனே தலையில் தட்டிவிட்டார்.

ஏழாம் நாள் படிவத்தை எடுத்தார். குடும்பத் தலைவர் யார் என்ற இடம் வந்தது. இவர் யாரையும் கேட்கவில்லை. முதல் வரியில் அம்மா பெயரை எழுதினார். மாமியார் ஏழு வரியையும் விரல் வைத்து இரண்டு தடவை படித்தார்.

படிவத்தைக் கொடுத்தாகிவிட்டது. மறுநாள் காலை கீழே என் அடுப்பைத் துடைத்துத் தீப்பெட்டியை எடுத்தேன். இவர் ஓடி வந்தார்.

"என்ன பண்ற?"

"வாரம் முடிஞ்சுது. எழுதியும் கொடுத்தாச்சு."

"இப்போ நீ பத்த வெச்சா நான் எழுதினது பொய்யாயிடும்."

"அதுக்கு? இன்னும் எத்தனை நாளைக்கு?"

"அடுத்த கணக்கெடுப்பு பத்து வருஷம் கழிச்சுதான்."

அரசாங்கத்தை ஏமாற்றிய பாவம் எனக்கெதற்கு? அரிசிப் பானையைத் தூக்கிக்கொண்டு மாடி ஏறினேன். பாதிப் படியில் ஓரகத்தி இறங்கி வந்து, பானையை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள்.