சும்மா கொடுக்கிற உத்தியோகம்

தேயிலையை விற்பதில் ஒரு கஷ்டமும் இல்லை. அதைச் சும்மா கொடுப்பதுதான் கஷ்டம்.

புதிதாக வேலையில் சேர்ந்து, காலையில் சட்டையை மாட்டும்போதே இன்றைக்கு என்ன ஆகுமோ என்று யாரிடமும் சொல்ல முடியாமல் தவிக்கும் நண்பர்களே, உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். வாழ்க்கையில் முன்னேறுவது எப்படி என்று புத்தகம் போடுகிறவர்களில் ஒருவராவது மாட்டு வண்டியில் பாய்லரைக் கட்டிக்கொண்டு கம்பம் பள்ளத்தாக்கைச் சுற்றியிருப்பாரா என்பது சந்தேகம். நான் சுற்றினேன். யுத்தம் வருவதற்குச் சில வருஷம் முன்பு, தேயிலை என்பது காய்ச்சல்காரனுக்குக் கொடுக்கும் கஷாயம் என்று எங்கள் பக்கத்துக் கிராமங்கள் நினைத்துக்கொண்டிருந்தன. ஜனங்களுக்கு அதைப் பழக்கிவிடப் பட்டணத்துக் கம்பெனி ஒன்று ஆள் எடுத்தது. எனக்கு ஒரு காக்கிக் கோட்டு, பித்தளை பாய்லர், ஒரு பெட்டி கண்ணாடித் தம்ளர், ஒரு பாக்கெட் கடிகாரம், தேநீர் போடும் முறையை அச்சடித்த விதிப் புத்தகம் எல்லாம் கொடுத்தார்கள். வண்டி தேனி குருசாமியுடையது. மாட்டை ஓட்டுவது அவர் வேலை. அபிப்பிராயம் சொல்வது அவராக எடுத்துக்கொண்ட வேலை.

மூன்று மாதம் பரீட்சை. அதற்குள் ஜனங்கள் கூட்டமாக நின்று குடிப்பதை மதுரை சூப்பர்வைசர் தம் கண்ணால் பார்த்துவிட்டால் உத்தியோகம் நிரந்தரம். இல்லாவிட்டால் கோட்டைக் கழற்றிக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

காக்கிக் கோட்டு

உத்தியோக உடுப்பு மரியாதை தரும் என்று நானும் நம்பினேன். உத்தமபாளையத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் முதல் நாள் வண்டியை நிறுத்தி, கோட்டுப் பொத்தான்களை எல்லாம் போட்டுக்கொண்டு இறங்கினேன். கண்மூடித் திறப்பதற்குள் தெருவில் ஒரு குழந்தையைக் காணோம். எல்லாம் சோளக் காட்டுக்குள் ஓடிவிட்டன. அந்த ஊருக்குக் காக்கிக் கோட்டோடு பெட்டி தூக்கி வந்தவர் அதுவரை ஒரே ஒருவர்தான்: அம்மை குத்துகிறவர்.

தேநீர் கொடுக்க வந்திருக்கிறேன் என்று கால் மணி நேரம் விளக்கினேன். பாய்லரைத் திறந்து காட்டினேன். ஒரு அம்மாள் மட்டும் கதவை ஒரு விரற்கடை திறந்து, என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டுக் கேட்டாள்: "அதெல்லாஞ் சரி, ஊசிய எங்கன ஒளிச்சு வச்சிருக்கீரு?"

ஐந்து நிமிஷம்

விதிப் புத்தகத்தில் ஐந்து நிமிஷம் என்று தடித்த எழுத்தில் போட்டிருந்தது. கொதித்த நீரைத் தேயிலையில் ஊற்றி, மூடி வைத்து, கடிகாரத்தைப் பார்த்து ஐந்து நிமிஷம் நிற்க வேண்டும். அதிகமும் கூடாது, குறைவும் கூடாது. வேலைக்குப் புதியவர்கள் விதியை வேதமாகப் பிடித்துக்கொள்வோம். அனுபவம் இல்லாதவனுக்கு வேறு பிடிமானம் ஏது?

அனுமந்தன்பட்டியில் விடியற்காலை பத்துப் பதினைந்து சம்சாரிகள் வயலுக்குப் போகிற வழியில் நின்றார்கள். ஆளுக்கொரு சொம்பு கையோடு இருந்தது. அடுத்தவன் வாய் வைத்த தம்ளரில் குடிக்க அந்த ஊர் தயாராக இல்லை. நான் மூடியைப் போட்டேன். கடிகாரத்தை எடுத்தேன். பிரசங்கம் எதுவும் செய்யாமல் முள்ளையே பார்த்துக்கொண்டு நின்றேன். அவர்கள் என்னைப் பார்த்தார்கள், பிறகு கடிகாரத்தைப் பார்த்தார்கள், பிறகு ஏறுகிற வெயிலைப் பார்த்தார்கள். மூன்றாவது நிமிஷத்தில் ஒருவர் மண்வெட்டியைத் தோளில் போட, மற்றவர்களும் நடையைக் கட்டினார்கள்.

கடைசியாகக் கிளம்பியவர் போகிறபோக்கில் சொன்னார்: "தண்ணி கொதிச்சிருச்சு, தூளும் போட்டாச்சு. இன்னும் அந்தக் கடியாரத்துக்குள்ள இருந்து யாருப்பா வரணும்?"

ஞாயிற்றுக்கிழமை ராயப்பன்பட்டி

கூட்டம் எங்கே இருக்கிறதோ அங்கே போ என்று எனக்குப் புத்தி சொன்னவர்கள் பலர். கூட்டம் எதற்காகக் கூடியிருக்கிறது என்று விசாரி என்று ஒருவரும் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலைப் பூசைக்கு ஊரே மாதா கோவிலுக்கு வரும் என்று கேள்விப்பட்டு, ராயப்பன்பட்டிக் கோவிலுக்கு எதிரே முதல் மணிக்கு முன்பே பாய்லரைப் பற்றவைத்தேன். ஊரே வந்தது. ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. பூசையில் நன்மை என்னும் அப்பம் வாங்கப் போகிறவர்கள் நள்ளிரவு முதல் பச்சைத் தண்ணீரும் பல்லில் படாமல் வருவார்கள் என்பது பூசை பாதி நடக்கும்போதுதான் குருசாமி விசாரித்து வந்து சொல்லி எனக்குத் தெரிந்தது. "தம்பி, பட்டினி கெடக்குறவுக மூக்குக்கு நேரா வச்சுக் காய்ச்சுறோம். நமக்குப் பாவம் சுத்தப் போகுது" என்றார்.

பூசை முடிந்து எல்லாரும் ஆசையோடுதான் வந்தார்கள். அதற்குள் தேயிலை ஒன்றரை மணி நேரமாக வெந்துகொண்டிருந்தது. கொட்டிவிட்டுப் புதிதாகப் போட்டிருக்க வேண்டும். கூட்டம் கலைந்துவிடுமே என்ற பயத்தில் அதையே ஊற்றினேன். கோவில் உபதேசியார் முதல் தம்ளரை வாங்கிக் கண்ணை மூடிக்கொண்டு ஒரு வாய் குடித்தார். பிறகு தம்ளரை என்னிடமே கொடுத்துவிட்டு அன்பாகச் சொன்னார்: "தபசுக் காலத்து நோன்புக்கு வாங்க தம்பி. ஒடம்ப ஒறுக்குறதுக்கு ரொம்ப நல்லாருக்கும்."

மாமாவின் சந்தேகம்

தேனிக் கடைத்தெருவில் என் மாமாவுக்கு ஜவுளிக் கடை. அவர் மகளை எனக்குக் கொடுப்பதாகப் பேச்சு. உத்தியோகம் நிரந்தரமாகட்டும், பிறகு பார்க்கலாம் என்று அவர் சொல்லியிருந்தார். நானாகக் கடைப் பக்கம் போவதைத் தவிர்த்தேன். ஆனால் எங்கள் வண்டி மாடு அந்தக் கடை வாசலில்தான் நிற்பேன் என்று பழகி வைத்திருந்தது.

"என்ன மாப்ளே, பரீட்சை எந்த மட்டுல இருக்கு?" என்றார். ஜனங்கள் மெல்ல மெல்லப் பழகி வருகிறார்கள் என்று பத்திரிகைச் செய்தி போலச் சொன்னேன். குருசாமி இருமினார். மாமா முழக்கோலைக் கீழே வைத்தார். கடையில் சேலை பார்த்துக்கொண்டிருந்தவர்களும் கையை நிறுத்தினார்கள்.

"சும்மா குடுக்குறதையே உங்கிட்ட வாங்க ஆளில்லையேய்யா," என்றார் மாமா. "உன்னை நம்பி நான் பொண்ண எப்புடிக் குடுக்க?"

குச்சனூர்

பரீட்சை முடிய இரண்டு நாள் இருந்தது. ஆடி மாதத்துச் சனிக்கிழமை. குச்சனூர் சனீஸ்வரன் கோவிலைச் சூப்பர்வைசரே தேர்ந்தெடுத்தார். நான்கு திசையிலிருந்தும் ஜனம் தானாக வந்து சேரும் இடம். மோட்டாரில் வந்து இறங்கி, டையைச் சரிசெய்துகொண்டு, "நிறம் கண்ணைக் கவர வேண்டும், மிஸ்டர். பால் சேர்க்காதே. கண்ணாடித் தம்ளரில் ஊற்றி வரிசையாக வை" என்றார். வைத்தேன். ஆற்றில் முழுகி எழுந்து, எள் தீபம் போட்டுவிட்டு வந்த ஜனங்கள் தம்ளர் வரிசையைக் கண்டதும் ஒதுங்கினார்கள். பிள்ளைகளைத் தாய்மார்கள் முந்தானைக்குள் இழுத்துக்கொண்டார்கள். நான் குரலை உயர்த்தி, "காசு வேண்டாம், சும்மாதான், என் கையால் வாங்கிக்கொள்ளுங்கள்!" என்று கூவினேன். கூவக் கூவ அவர்கள் வட்டம் பெரிதாகிக்கொண்டே போனது. சூப்பர்வைசர் பையிலிருந்து நோட்டை எடுத்து ஏதோ எழுதத் தொடங்கினார். 

குருசாமி என் காதருகே வந்தார். "தம்பி, இன்னைக்குச் சனிக்கெழம. இது குச்சனூரு. கறுப்பா ஒன்னைக் கையில வச்சுக்கிட்டு வாங்கிக்கங்க வாங்கிக்கங்கன்னு கத்துறீக. உங்க சனிய அவுக தலையில எறக்கப் பாக்குறீகன்னு ஓடுறாக." சனி பிடித்தவன் எள்ளும் கறுப்புத் துணியும் தானம் கொடுப்பான், வாங்குகிறவனோடு பீடையும் போய்விடும். சிறு வயதிலிருந்து குச்சனூருக்கு வந்து போகிறவன் நான். எனக்கு இது தெரியாதா? தெரியும். கோட்டைப் போட்டதும் மறந்துவிட்டது. அவசரமாகப் பால் செம்பை எடுத்தேன். சூப்பர்வைசர் தடுத்தார். "குறை பாலில் இல்லை, உன்னிடம் இருக்கிறது. டெமான்ஸ்ட்ரேஷன் எப்படிச் செய்வது என்று பார்த்துக்கொள். கொடு!" என்று கையை நீட்டினார்.

அப்போது நான் சொல்லியிருக்க வேண்டும். வாயைத் திறந்தேன். நோட்டைப் பார்த்தேன். மூடிக்கொண்டேன். என் கையிலிருந்து அந்தக் கறுப்புத் தம்ளரை அவர் வாங்கி, கூட்டத்தைப் பார்த்து உயர்த்திக் காட்டி, ஒரே மூச்சில் குடித்து, தம்ளரைக் கவிழ்த்தும் காட்டினார்.

 "ஆத்தாடி, வாங்கிட்டாகளே!" என்றது ஒரு குரல். "யாரு பெத்த பிள்ளையோ" என்றது இன்னொன்று. பிறகு மீசைக்காரர் ஒருவர் தைரியமாக முன்னால் வந்து அடுத்த தம்ளரை எடுத்தார். "இனி என்ன பயம்? எறங்க வேண்டியது எறங்கிருச்சு. மிச்சம் வெறுந் தண்ணிதான்" என்று மற்றவர்களுக்கு விளக்கிவிட்டுக் குடித்தார். நல்லாயிருக்கிறது என்றும் சொன்னார். அவ்வளவுதான், வரிசை ஆறு வரைக்கும் போயிற்று. பாய்லரை மூன்று தடவை நிரப்பினேன். குடித்தவர்கள் ஒவ்வொருவரும் சூப்பர்வைசரை இரக்கத்தோடு பார்த்து, ஏதோ முணுமுணுத்துக் கும்பிட்டுவிட்டுப் போனார்கள். அவர் ஒவ்வொரு கும்பிடுக்கும் தலையசைத்தார்.

"என்ன சொல்கிறார்கள்?" என்று என்னைக் கேட்டார். "சார் வாங்கிக் குடித்ததைப் பார்த்த பிறகுதான் தங்களுக்குத் தைரியம் வந்தது என்கிறார்கள், சார்" என்றேன். அதில் ஒரு வார்த்தை பொய்யில்லை. அவர் முகம் மலர்ந்தது. நோட்டில் எழுதியிருந்த பக்கத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு, மோட்டாரின் முன்மூடியில் காகிதத்தை வைத்து என்னை நிரந்தரமாக்கும் உத்தரவை எழுதிக் கையெழுத்துப் போட்டார். மை உலர்வதற்குள், நெற்றி நிறையத் திருநீறு பூசிய ஓர் அம்மாள் கண் கலங்க அவர் முன்னால் வந்து நின்றாள். "மனசத் தளர விட்டுறாதீக அய்யா. ஏழரை வருசந்தான, கண்ண மூடித் தொறக்கிறதுக்குள்ள ஓடிப்போயிரும்."

ஆகையால், புதிதாக வேலையில் சேர்ந்திருக்கும் நண்பர்களே, உழைப்பில் குறை வைக்காதீர்கள் என்றாலும், நடந்ததெல்லாம் தம் சாமர்த்தியத்தால்தான் என்று மேலதிகாரி தாமாகவே கண்டுபிடிக்கும் நேரத்தில் குறுக்கே போய் விளக்கம் சொல்லி, கைக்கு வரும் உத்தரவைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள்.