கமலா ஓட்டினால் தூங்குகிறவர்

சாயர்புரம் கல்யாணத்துக்குப் போய்விட்டு இப்போதுதான் வீட்டுக்குள் நுழைந்தோம். வயிறு எரிகிறது. கல்யாணச் சாப்பாட்டினால் அல்ல.

என் கணவருக்குக் கார் ஓட்டத் தெரியாது. ஆனாலும் எங்கள் ஃபியட்டை நான் ஓட்டினால், பின்னால் இருந்தபடி முன் சீட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "ஏளா, பள்ளம்! பள்ளம்!" என்று கத்திக்கொண்டே வருவார்.

இன்று திரும்பும்போது கொழுந்தன் மனைவி கமலா, தான் ஓட்டுவதாகச் சொன்னாள். இவர் உடனே சாவியை நீட்டினார். ஏறிய சற்று நேரத்தில் குறட்டை.

நான் அவள் பக்கத்தில் உட்கார்ந்து அவள் காலையே பார்த்துக்கொண்டு வந்தேன். மழைத்தண்ணீர் நின்ற இடங்களில், முன்னால் போன உப்பு லாரியின் சக்கரம் எவ்வளவு இறங்குகிறது என்று கவனித்தாள். பள்ளத்துக்கு முன்பே வேகத்தைக் குறைத்தாள். சக்கரம் இறங்கும்போது பிரேக்கிலிருந்து காலை எடுத்துவிட்டாள்.

"பிரேக்க அமுக்கிக்கிட்டே எறக்குனா ஸ்பிரிங்கு ஒடிஞ்சிரும்க்கா" என்றாள். நான் அவளிடம் எதுவும் கேட்கவேயில்லை, அவளாகவே சொன்னாள்.

மில்லர்புரத்தில் அவள் வீட்டு வாசலில் இறங்கிக்கொண்டாள். இவர் விழிக்கவில்லை. நான் ஸ்டியரிங்கைப் பிடித்தேன். துறைமுகச் சாலையின் பள்ளங்களில் அவளைப் போலவே இறக்கி ஏற்றினேன். குறட்டை நிற்கவில்லை. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அப்போது கண்ணைத் திறக்காமலே சொன்னார்: "கமலா, இப்பிடி ஓட்ட ஒங்க அக்காளுக்கும் கொஞ்சம் சொல்லிக்குடும்மா."

அடுத்த பள்ளத்தில் பிரேக்கை நன்றாக அமுக்கிக்கொண்டே இறக்கினேன்.

"ஏளா, நீயா?" என்று எழுந்து உட்கார்ந்தார்.

தோழிகளே, உங்கள் வீட்டுக்காரர் யார் ஓட்டினால் தூங்குகிறார்? உண்மையைச் சொல்லுங்கள். எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருக்கும்.