வெள்ளி அரணாக்கொடி

என் அக்கா மகன் செல்வராசுவின் அரணாக்கொடியை அறுத்தது ஏர்போர்ட் போலீஸ்காரன் இல்லை. நான்தான்! ஏர்போர்ட் வாசலில், வேனுக்குப் பின்னால் நிறுத்தி, கட்டிங் பிளேயரால் அறுத்தேன்.

நான் யாரென்று நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். மூணாம் வகுப்பு தாண்டாதவன். ரெட்டிபாளையத்தில் சுண்ணாம்புக்கல் லாரியில் கிளீனராக ஏறி, நாலு லாரிக்கு ஓனரானவன். நடுவில் இரண்டு வருஷம் துபாயும் பார்த்தவன். ஜெயங்கொண்டம் பக்கத்திலிருந்து வெளிநாடு போகிறவன் எவனாக இருந்தாலும் முதலில் என் வீட்டு வாசலுக்குத்தான் வருவான். பெட்டியை வெங்காய மண்டித் தராசில் நிறுத்துவேன். ஊறுகாயை, கத்திரிக்கோலைக் கைப்பையிலிருந்து எடுத்துப் பெரிய பெட்டிக்குள் தள்ளுவேன். எந்த வரிசை, எந்தத் தாள், கேட்டால் என்ன சொல்ல வேண்டும்... எல்லாம் நான் சொல்லிக்கொடுத்ததுதான். நான் அனுப்பின ஆள் எங்கேயும் நின்றதில்லை!

ஒருத்தன் நின்றான். இடுப்பில் கிடந்த வெள்ளிக்கொடிக்கு ஏர்போர்ட் சோதனை மெஷின் கத்திவிட்டது. தனி அறைக்குக் கூட்டிப்போய்ப் பார்த்துவிட்டு அனுப்பினார்கள். அவ்வளவுதான். ஆனால் டீக்கடையில், "என்னங்க, உங்க ஆள வேட்டிய அவுத்துப் பாத்தாங்களாமே" என்று ஒருவன் கேட்டான். எல்லாரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு எனக்குள் முள்ளாகத் தங்கிவிட்டது.

அடுத்துப் போனவன் செல்வராசு. இருபத்தாறு வயது. அவன் பிறந்தபோது தாய்மாமன் முறைக்கு வெள்ளிக்கொடி வாங்கிக் கட்டியவன் நான். வளர வளர மாற்றிக் கொடுத்தவனும் நான். எங்கள் சாதி சனத்தில் ஆம்பளை செத்தால்தான் அதை எடுப்பார்கள். இது எனக்குத் தெரியாதா? தெரியும்... நன்றாகத் தெரியும்!

பெரம்பலூர் வந்து ஹைவேயைப் பிடித்துப் போகும்போதே என் புத்தியெல்லாம் அந்தக் கொடியில்தான். வேனை விட்டு இறங்கியதும் கழட்டச் சொன்னேன். கொக்கி இறுகிக் கிடந்தது.

"கேட்டா காட்டிக்கிறேன் மாமா. அம்மாவுக்குத் தெரிஞ்சா உசுர விட்டுரும்."

"நான் அனுப்புறவன் எவனும் நிக்கக்கூடாதுடா. சட்டையத் தூக்கு."

தூக்கினான். மாமன் சொன்னால் மறுபேச்சு பேசாத பிள்ளை. அறுத்து என் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். இடுப்பில் அது கிடந்த இடம் மட்டும் வெளுப்பாய்க் கோடு போட்டிருந்தது. அவன் அதைத் தடவிக்கொண்டே உள்ளே போனான்.

போய்ச் சேர்ந்து போன் பண்ணினான். "எனக்கு முன்னாடி நின்னவன் இடுப்புல இதவிடத் தடியாக் கெடந்துச்சு மாமா. தடவிப் பாத்துட்டு போன்னுட்டாங்க" என்றான். குறையாகச் சொல்லவில்லை, சிரித்தபடிதான் சொன்னான். நானும் சிரித்தேன்... பாவி!

எட்டாம் மாசம் பெட்டியில் வந்தான். வேலை செய்த கட்டடத்தில் சாரம் சரிந்ததாம்.

கொடிக்கும் சாரத்துக்கும் என்ன சம்பந்தம் என்பீர்கள். நானும் அப்படித்தான் எனக்குச் சொல்லிக்கொள்கிறேன். சம்பந்தம் இல்லை... இல்லவே இல்லை. ஆனால் குளிப்பாட்டும்போது பெரியவர் ஒருவர் கொடியை எடுக்க இடுப்பைத் தடவினார். வெறும் இடுப்பு. அக்கா என்னைப் பார்த்தாள்.

"கொடி எங்கடா?"

ஊரே சுற்றி நின்றது. நடுவில் நாலு லாரி ஓனராக நான் நின்றேன்.

"ஏர்போர்ட்ல போலீஸ்காரன் அறுத்துட்டான்க்கா."

எவ்வளவு சுலபமாக வந்தது அந்த வார்த்தை! அக்கா மண்ணை வாரித் தூற்றினாள். உசுரோடு இருந்த பிள்ளைக்குச் சாவுச் சடங்கு பண்ணினவனே, உன் கை அழுகாதா என்று கதறினாள். முகம் தெரியாத ஒருவனைத் திட்டுவதாக அவள் நினைத்தாள். நான் அவள் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அன்றே சொல்லியிருக்கலாம். காரியம் முடிந்து சொல்லியிருக்கலாம். எது தடுத்தது? பயமா? கௌரவமா? மூன்று வருஷமாகக் கேட்டுப் பார்க்கிறேன்.

இப்போதும் ஆட்களை அனுப்பிக்கொண்டுதான் இருக்கிறேன். எவனிடமும் கொடியைப் பற்றிப் பேசுவதில்லை. ஏர்போர்ட் போய்விட்டு அக்கா வீட்டு வழியாக வந்தால் அவள் கேட்பது ஒன்றுதான். அந்தப் போலீஸ்காரன் பேரை விசாரித்தாயா என்பாள். இப்போது சாபம் விடுவதில்லை. அவனைப் பார்த்து ஒரே ஒரு கேள்வி கேட்க வேண்டுமாம்.

போன வாரமும் கேட்டாள். "அறுக்கும்போது எம்புள்ள அழுதானான்னு மட்டும் கேக்கணும்டா தம்பி."

அழவில்லை அக்கா... சட்டையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். இதைச் சொல்ல இந்த உலகத்தில் ஒருவனால்தான் முடியும்.

"அவன் மாத்தலாகி வடக்க போயிட்டானாம்க்கா" என்றேன்.

சரி என்று தலையாட்டினாள். தட்டை வைத்துச் சோறு போட்டாள். சாப்பிட்டேன்.