கொள்ளைக்காரன் கப்பலும் எங்கள் தண்ணீர்த் தொட்டியும்

என் மாமியார் பர்மியப் பெண்மணி. எனக்குக் கல்யாணமாகி ஆறு வருடமாகியும் என்னை "ஸயா" என்றுதான் கூப்பிடுவார். வாத்தியார், டாக்டர், முன்பின் தெரியாத கனவான் எல்லோருக்கும் பர்மியர்கள் சொல்லும் மரியாதைச் சொல் அது. மூத்த மருமகனை மட்டும் "தா" என்பார். மகனே என்று அர்த்தம். எனக்கு அதில் பொறாமைதான், ஒளிப்பானேன்.

போன கோடையில் யாங்கோன் தாகேதாவிலுள்ள எங்கள் வீட்டுக்குப் பத்து நாள் தங்க வந்தார். அவரை வளைத்துப்போட ஒரு பழைய ஆங்கிலப் படம் தேடிப் பிடித்து வைத்திருந்தேன். ஹாலிவுட்காரர்கள் அந்தக் காலத்தில் ஸ்டூடியோவுக்குள்ளேயே கடலைக் கட்டி எடுத்த கடற்கொள்ளைக்காரச் சிரிப்புப் படம். போட்டாதாங் துறைமுகத்தில் சரக்கு ஏஜெண்டிடம் குமாஸ்தா நான். மாப்பிள்ளை ஆங்கிலத்தில் புலி என்று மனைவி தன் அம்மாவிடம் ஏற்கெனவே அளந்துவிட்டிருந்தாள். என் ஆங்கிலம் சரக்கு ரசீதைத் தாண்டாது.

ஒரு நாள் மத்தியானம் கரண்ட் வந்தது. நாலு மணி நேரம்தான் இருக்கும். வந்ததும் முதலில் தண்ணீர் மோட்டார், அப்புறம் ரைஸ் குக்கர், அப்புறம் பேட்டரி. யாங்கோனில் குழந்தைகூட இந்த வரிசையை மாற்றாது. மனைவி வேலைக்குப் போயிருந்தாள். நான் டிவியைப் போட்டேன்.

படம் ஓட ஓட பர்மியத்தில் கதை சொன்னேன். புரியாத இடத்தில் கைச்சரக்கு. கவர்னர் மகள் கொள்ளைக்காரனைத் திட்டியபோது, கப்பலில் கருவாடு இருக்கிறதா என்று கேட்கிறாள் என்றேன். பீப்பாய்க்குள் ஒளிந்த தளபதியை அவளுக்குச் சித்தப்பா ஆக்கினேன். மாமியார் சூரியகாந்தி விதை கொறித்தபடி கண்ணில் நீர் வரச் சிரித்தார். எனக்குத் தலைகால் புரியவில்லை. அடுத்து ஒரு படம், அதற்கடுத்து இன்னொன்று என்று அந்தப் பழைய படம் முடிவதற்குள்ளேயே திட்டம் போட்டுவிட்டேன்.

கடைசிச் சண்டையில் கொள்ளைக்காரன் கயிற்றில் தொங்கும்போது, நேரத்துக்கு முன்பே கரண்ட் போனது. அப்போதுதான் மோட்டார் ஞாபகம் வந்தது. மாடித் தொட்டியில் சொட்டுத் தண்ணீர் இல்லை. எனக்கு முகம் செத்துப்போயிற்று. குளிக்கத் தண்ணீர் இல்லாத வீட்டில் அவர் ஏன் தங்க வேண்டும்? மூத்த மருமகன் வீட்டில் ஜெனரேட்டரே இருக்கிறது.

அவர் லுங்கியை இறுக்கிக் கட்டிக்கொண்டு வாளியை எடுத்தார். எழுபது தாண்டியவர். அமே, அம்மா, நீங்கள் இருங்கள் என்றேன், கேட்கவில்லை. பக்கத்து வீட்டுக் கைப்பம்பில் அடித்து, இரண்டு மாடி தூக்கினோம். படியில் நின்று மூச்சு வாங்கும்போது படத்தின் முடிவு என்ன என்று கேட்டார். நான் சும்மா இருந்திருக்கலாம். கொள்ளைக்காரன் திருந்தி, சித்தப்பாவோடு கூட்டுச் சேர்ந்து கருவாட்டுக் கடை வைத்தான் என்றேன்.

வாளியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். கல்யாணத்துக்கு முன் அவர் க்யிம்யிண்டைங்கில் ஒரு சினிமாக் கொட்டகையில் இதே சூரியகாந்தி விதை விற்றவராம். இந்தப் படத்தை அப்போது ஐந்து தடவை ஓசியில் பார்த்திருக்கிறாராம்.

"அதுல கருவாடே கிடையாது," என்றார். பிறகு வாளியைத் தூக்கிக்கொண்டார். "உன் கதைதான் நல்லாருக்கு. முன்னால நட, தா."

என் வாளியில் பாதித் தண்ணீர் படியிலேயே சிந்திவிட்டது.