நான் நிப்பாட்டினனான்

கார் எஞ்சினில், டீசல் பில்ரரின் தலையில் இருக்கும் கைப்பம்பைக் கட்டைவிரலால் அமுக்கிக்கொண்டு, கண்களை மூடி, வாயை அரைவாசி திறந்தபடி நிற்கிறார் தியாகலிங்கம் அண்ணை. நாடி பார்க்கும் பரியாரியாரின் முகம். குசினி வாசலில் வைத்த தேத்தண்ணி ஆறி ஆடை கட்டிவிட்டது. பம்ப் இறுகும்வரை அவர் யாருடனும் கதைப்பதில்லை. இறுகியதும் ஒரு கண்ணை மட்டும் திறந்து, மதிலுக்கு இந்தப் பக்கம் பல் விளக்கிக்கொண்டிருக்கும் என்னிடம், "ஏறீட்டுது" என்பார். டீசல் ஏறிவிட்டதாம். அதற்குப் பிறகுதான் கரம்பொன்னில் எங்கள் ஒழுங்கைக்குப் பொழுது விடியும்.

அண்ணை கூட்டுறவுச் சங்கக் கிளையொன்றில் முகாமையாளராக இருந்து ஓய்வுபெற்றவர். சீனியும் மாவும் தராசில் நிறுத்த கை. யாரிடமும் இயந்திரம் பழகியவரல்ல. கழற்றிப் பார்த்துப் பழகியவர். பூட்டிப் பார்த்தும் பழகியிருக்கலாம் என்பது அவருடைய மனைவி சறோஜினிதேவி அக்காவின் கருத்து. ஒவ்வொரு முறை பூட்டி முடித்த பிறகும் இரண்டொரு நட்டுகள் மிஞ்சும். அவற்றை ஊறுகாய்ப் போத்தல் ஒன்றில் போட்டு மூடிவைப்பார். "கொம்பனிக்காரன் ஒரு பயத்திலை கூடப் போட்டிருக்கிறான். தேவையில்லாதது" என்பது விளக்கம். போத்தல் கழுத்துவரை நிரம்பிவிட்டது. கார் இன்னும் ஓடுகிறது என்பதால் அவர் சொல்வதை மறுக்கவும் முடியவில்லை.

கார், போர்நிறுத்தத்தில் பாதை திறந்த காலத்தில் வவுனியாவில் வாங்கிய யப்பான் டீசல் கார். வாங்கும்போது நீலம். தீவுப்பகுதியின் உப்புக்காற்று கதவின் கீழ்ப்பக்கத்தைத் தின்னத் தின்ன அவர் தகரம் வைத்து ஒட்டி, கையில் அகப்பட்ட நிறத்தைப் பூசிக்கொண்டே வந்தார். இப்போது முன்கதவு பள்ளிக்கூட யன்னல்களின் பச்சை. பின்பக்கம் யாரோ வீட்டு கேற்றுக்கு வாங்கி மிஞ்சிய சாம்பல்.

"ஏனண்ணை டீசல் கார்?" என்று ஒருமுறை கேட்டுவிட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"தம்பி, பெற்றோல் கார் குதிரை மாதிரி. ஒரு சொட்டுத் தண்ணி பட்டால் மிரண்டுபோடும். டீசல் எண்டால் எருமை. எழும்பிறதுக்குப் பஞ்சிப்படும். எழும்பீட்டுதோ, நீர் சொன்னாலும் நிக்காது."

புகையைப் பார்த்தே அவர் காரின் உடல்நிலையைச் சொல்வார். கறுப்புப் புகை என்றால் தீனி கூடிவிட்டது. நீலப் புகை என்றால் எண்ணெய் குடிக்கிறது. வெள்ளைப் புகை என்றால் டீசல் எரியாமல் வருகிறது, குளிர் பிடித்துவிட்டது. கோயிலடியில் நின்றுகொண்டு, தெரியாதவர்களின் வாகனங்களுக்கும் இப்படிப் பலன் சொல்வதுண்டு. கோழி ஏற்றிவந்த லொறிக்காரர் ஒருவர், "ஐயா, நான் வழி கேட்கத்தான் நிப்பாட்டினனான்" என்று கெஞ்சி விடைபெற்றதை நானே கண்டிருக்கிறேன்.

ஒரு விடயத்தில் மட்டும் அண்ணையை யாராலும் அசைக்க ஏலாது. அவருடைய கார் வழியில் ஒருபோதும் நின்றதில்லை. வேலணைச் சந்தியில் பொனெற்றைத் திறந்து வைத்து, ஆவி பறக்க, நெற்றியில் கரியோடு நிற்பார். "என்னண்ணை, கார் நிண்டுட்டுதோ?" என்று யாராவது கேட்டால் முகம் இறுகிவிடும்.

"நிக்கேல்லை. நான் நிப்பாட்டினனான்."

போன வருடம் நல்லூர்த் தேருக்குப் போகும் வழியில், பண்ணைப் பாலத்து நீண்ட தாம்போதியின் நட்டநடுவில் அவர் காரை அப்படித்தான் "நிப்பாட்டினார்". இரண்டு பக்கமும் கடல். நிழலுக்கு ஒரு பூவரசுகூட இல்லை. மாம்பழ நிறப் பட்டுச்சேலையில் சறோஜினிதேவி அக்கா வெயிலில் நின்று, பின்னால் வந்த பஸ்ஸை மறித்து ஏறிக்கொண்டார். ஏறும்போது சொன்னதைப் பஸ்ஸில் இருந்த அத்தனை பேரும் கேட்டார்கள். "செத்தாலும் உந்தக் காரிலை என்னை ஏத்திப்போடாதேங்கோ!"

சொன்னதைச் செய்பவர் அக்கா. அன்று முதல் யாழ்ப்பாணத்துக்குப் பஸ்ஸில்தான் போனார். அண்ணை விடவில்லை. பஸ் வெளிக்கிட்டதும் காரை எடுத்து அதன் பின்னாலேயே போவார். பஸ் நின்றால் அவரும் நிற்பார், ஆள் ஏறினால் காத்திருப்பார், வெளிக்கிட்டால் வெளிக்கிடுவார். பக்கத்துச் சீற் வெறுமையாகவே இருக்கும். "அக்கா, உங்கடை பொலிஸ் பாதுகாப்பு வருது" என்று கொண்டக்டர் பகிடி விடுவார். அக்கா திரும்பிப் பார்ப்பதில்லை. ஆனால் எப்போதும் பின்சீற்றின் யன்னலோரத்தைத் தேடித்தான் உட்காருவார். அங்கே காற்று நன்றாக வருமாம்.

இந்த வருடம் மாசியில் காருக்குப் புது வருத்தம் வந்தது. ஓடும்போது ஓடும், ஓரிரவு நின்றால் காலையில் ஸ்ராட் வராது. கைப்பம்பை அமுக்கி அமுக்கி எடுத்தால் ஒருமாதிரி இருமிக்கொண்டு எழும்பும். முதலில், எஞ்சினைச் சூடாக்கும் ஹீற்றர் பிளக்கில்தான் குற்றம் என்று அடித்துச் சொன்னார். மாற்றினார். சரிவரவில்லை. அடுத்து பற்றறி. அதுவும் மாறியது. பிறகு எஞ்சினுக்குள் டீசல் பீய்ச்சும் இஞ்செக்ரர்களைக் கழற்றி, துவாயில் சுற்றி, கைக்குழந்தையைக் கொண்டுபோவதுபோல் யாழ்ப்பாணம் கொண்டுபோய்ச் சோதித்து வந்தார். அவை நல்ல சுகத்தோடு திரும்பின. ஒவ்வொரு முறையும், "இப்ப பிடிச்சிட்டன்" என்றார்.

"நீங்கள் பிடிச்சுப் பிடிச்சு, கடைசியிலை அது உங்களைப் பிடிக்கப்போகுது" என்றார் அக்கா, தேங்காய் துருவிக்கொண்டு.

பங்குனியில் ஒருநாள் மேசன்மார் நீர்மட்டம் பார்க்கும் கண்ணாடிபோன்ற பிளாஸ்ரிக் குழாய் ஒன்றை வாங்கிவந்தார். பில்ரருக்குப் போகும் பழைய குழாயைக் கழற்றி இதைப் பூட்டி, கதிரை போட்டு அதன் முன்னால் உட்கார்ந்தார். டீசலோடு சேர்ந்து குமிழி குமிழியாகக் காற்று வருவது தெரிந்தது. எங்கேயோ காற்று உறிஞ்சுகிறது. எங்கே என்பதுதான் கேள்வி. அதற்காக ஒரு பிளாஸ்ரிக் கானில் டீசல் நிரப்பி முருங்கைக் கொப்பில் கட்டித் தொங்கவிட்டு, குழாயின் மறுநுனியை அதற்குள் விட்டார். காரின் சொந்தத் தாங்கி வெட்டிவிடப்பட்டது. இப்போது கொப்பிலிருந்து எஞ்சினுக்கு நேரே டீசல் இறங்கியது.

அடுத்த நாள் காலை, திறப்பைத் திருப்பியதும் கார் பாய்ந்து எழும்பியது. எஞ்சினில் பிழையில்லை, தாங்கியிலிருந்து காரின் அடிவழியாக வரும் இரும்புக் குழாயில்தான் துளை. உப்பு தின்றிருக்கிறது. புதுக்குழாய்க்கு யாழ்ப்பாணம் போகவேண்டும்.

அவர் கண்டுபிடித்ததை ஊர் கவனிக்கவில்லை. ஊர் கண்டது வேறு. "தியாகற்றை காருக்குச் சேலைன் ஏத்தியிருக்காம்!" கோயிலடிவரை கதை பரவியது. முன்வீட்டு மரியமுத்து அக்கா ஒரு செவ்விளநீரோடு வந்து படலையில் நின்று, குரலைத் தாழ்த்தி, "டொக்டர் என்னவாம்?" என்று கேட்டார். அண்ணை சிரிக்கவில்லை. "நரம்பிலை ஒரு ஓட்டை. மற்றும்படி ஆள் திறம்" என்றார். இளநீரையும் வாங்கிக்கொண்டார்.

இந்த நிலையில்தான் கல்யாணம் வந்தது. சறோஜினிதேவி அக்காவின் தங்கை மகன் துஷ்யந்தனுக்குக் கோண்டாவிலில் ஒரு மண்டபத்தில் திருமணம். மாப்பிள்ளைக்கு முதல் ஆராத்தி எடுக்கவேண்டியவர் அக்கா. "பெரியம்மா வராமல் நான் மணவறையிலை ஏறன்" என்று பெடியன் தொலைபேசியில் சொல்லியிருந்தான். அவனைச் சின்ன வயதில் தூக்கி வளர்த்தவர் அவர்தான். அவருக்குப் பிள்ளைகள் இல்லை.

விடிந்ததும் அக்கா பட்டுடுத்து, பூவைத்து, ஆராத்தித் தட்டோடு தெருவுக்கு வந்தார். எனக்கும் அழைப்பு இருந்ததால் நானும் வந்து நின்றேன். பஸ் வரவில்லை. அன்று பஸ் ஊழியர்களின் பணிப்பகிஷ்கரிப்பு என்பதை மீன் வாங்கப் போனவர் ஒருவர் சொல்லித்தான் அறிந்தோம். ஓட்டோக்காரர்களுக்குத் தொலைபேசி எடுத்துப் பார்த்தேன். எல்லோரும் விடியவே ஆட்களை ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். அக்கா தெருவின் முடிவைப் பார்த்துக்கொண்டே நின்றார். தட்டின் விளிம்பைப் பிடித்திருந்த விரல்கள் வெளுத்திருந்தன.

அண்ணை "வாரும்" என்று கூப்பிடவில்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு முருங்கைக் கொப்பிலிருந்த கானை அவிழ்த்தார். அதைக் காரின் கூரையில் கட்டிப் பார்த்தார், வழுக்கியது. பொனெற்றுக்குள் வைத்துப் பார்த்தார், இடமில்லை. கடைசியில் முன்சீற்றில் யாராவது மடியில் வைத்துப் பிடித்தால்தான் சரிவரும் என்றாகிவிட்டது. குழாயை யன்னலால் வெளியே எடுத்து, பொனெற்றின் இடுக்கால் உள்ளே விடலாம்.

"நான் பிடிக்கிறன்" என்றேன்.

அதுவரை தெருவைப் பார்த்து நின்ற அக்கா திரும்பினார். என் கைகளைப் பார்த்தார். பிறகு ஆராத்தித் தட்டை என்னிடம் நீட்டினார். "நீர் இதைப் பிடியும். அதை உம்மாலை பிடிக்கேலாது. தாங்கோ இஞ்சை!" கடைசியாகச் சொன்னது அண்ணைக்கு.

மடியில் உரப்பை, அதன்மேல் பழைய துவாய், அதன்மேல் டீசல் கான். கழுத்தில் தாலிக்கொடி, தலையில் மல்லிகை. அக்கா நேரே பார்த்தபடி உட்கார்ந்தார். கார் முதல் திருப்பிலேயே எழும்பியது.

"வழியிலை நிக்குமோ?" என்றார் அக்கா.

"நிக்காது."

"நிண்டாலும் நீங்கள் நிப்பாட்டினதாத்தானே இருக்கும்."

அண்ணை கியரை மாற்றினார். கழுத்துமட்டும் சிவந்தது பின்சீற்றிலிருந்த எனக்குத் தெரிந்தது.

அல்லைப்பிட்டி தாண்டியதும் ஒரு பொலிஸ்காரர் கைகாட்டினார். யன்னலுக்குள் குனிந்தவர் குழாயைப் பார்த்தார், கானைப் பார்த்தார், அக்காவின் முகத்தைப் பார்த்தார். தமிழ் அவருக்குக் கொஞ்சம்தான் வரும். "அம்மா... ஆஸ்பத்திரி போறதா?"

"ஓம்" என்றார் அக்கா, கண்கூடச் சிமிட்டாமல். "இவருக்குத்தான் சுகமில்லை."

பொலிஸ்காரர் அண்ணையை இரக்கத்தோடு பார்த்து வழிவிட்டார்.

தாம்போதியின் நடுவில் அது நடந்தது. டீசல் குறையக் குறைய, கானுக்குள் குழாயின் நுனி வெளியே தலைகாட்டியிருக்கவேண்டும். எஞ்சின் ஒருதரம் விக்கியது. பிறகு இன்னொருதரம். வேகம் விழுந்தது. இரண்டு பக்கமும் கடல் அசையாமல் கிடந்தது. அடுத்த நொடி, அண்ணையின் முகாமையாளர் குரலெல்லாம் உடைந்து, "சறோ! உயத்தும்! சறோ, உயத்திப் பிடியும்!" என்று கத்தினார். அந்தப் பெயரை அவர் வாயிலிருந்து நான் கேட்டதே இல்லை.

அக்கா கானை இரண்டு கைகளாலும் தூக்கிச் சரித்தார். காப்புகள் கிலுங்கின. கொஞ்சம் டீசல் விரல்களில் வழிந்தது. எஞ்சின் இருமி, யோசித்து, மூச்சு வாங்கிப் பழையபடி இரைந்தது. அதற்குப் பிறகு அவர் கானை இறக்கவேயில்லை. கண் குழாயிலேயே இருந்தது.

"மெல்லப் போங்கோ, குமிழி வருது."

அண்ணை மெல்லப் போனார்.

"இப்ப வரேல்லை. போங்கோ, போங்கோ."

அண்ணை போனார். கோண்டாவில்வரை அந்தக் காரை ஓட்டியது யார் என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது.

மண்டபத்து வாசலில் மாப்பிள்ளையை நிறுத்தி வைத்திருந்தார்கள். அக்கா இறங்கி, சேலையை ஒருதரம் உதறி, என்னிடமிருந்து தட்டை வாங்கிக்கொண்டு நேரே போனார். ஆராத்தி சுற்றும்போது துஷ்யந்தன் மூக்கைச் சுருக்கி, "பெரியம்மா, என்ன மணக்குது?" என்று மெதுவாகக் கேட்டான். "உன்ரை பெரியப்பா" என்றார் அக்கா.

தாலி கட்டி முடிந்து, பெரியவர்கள் அறுகரிசி போட்டு வாழ்த்தும் நேரம் வந்தது. தம்பதியாக அண்ணையும் அக்காவும் மணவறைக்கு ஏறினார்கள். அண்ணை தன் நகங்களிலிருந்த கரியைக் கண்டு, கைகளை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டு தயங்கினார். அக்கா அவரை முழங்கையால் இடித்தார். இருவரும் அரிசி அள்ளிப் போட்டார்கள். வீடியோக்காரர் அவர்களை ஓரமாக நிற்கச் சொன்னார்.

நின்ற இடத்தில் அக்கா தன் விரல்களை மூக்கருகே கொண்டுபோய் மணந்து பார்த்தார். கை கழுவுமிடம் பக்கத்தில்தான் இருந்தது. அவர் அங்கே போகவில்லை. அண்ணையின் தோளிலிருந்த சரிகைச் சால்வையின் நுனியை எடுத்து, வீடியோவைப் பார்த்துச் சிரித்தபடியே, விரல் விரலாக ஆறுதலாகத் துடைத்தார். அண்ணையும் வீடியோவைப் பார்த்துக்கொண்டுதான் நின்றார். ஒரு கை முடிந்ததும், சால்வையின் மற்ற நுனியை எடுத்து அக்கா பக்கம் நீட்டினார்.